ஆறாவது தொட்டி

ஆரம்பாக்கத்துக்கு வடக்கே,
எல்லையைத் தாண்டி மூன்றாவது ஷெட்.
வாசல் பலகையில் மேலே தெலுங்கு, கீழே ஆங்கிலம்.
தமிழ் எங்கள் டிபன் பாக்ஸோடு வந்து போகும்.

திங்கள் காலை ஒன்பதேகாலுக்கு மீன் விட்டேன்.
தொட்டிக்குப் பத்து.
கொளத்தூரில் வாங்கி, காற்றடைத்த பாலித்தீன் பையில்
சூலூர்பேட்டை வண்டியில் என் மடியில் வந்தவை.
விற்கவா, வளர்க்கவா என்றார் டிக்கெட் பரிசோதகர்.
இரண்டுமில்லை என்றேன்.
சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார்.

சேறு ஒரு நீல டப்பாவில் வந்தது.
எந்தக் கம்பெனி என்று எங்களுக்குச் சொல்வதில்லை.
எண் மட்டும்: நூற்றுப் பதினேழு.
உலர்த்திச் சலித்தால் கேழ்வரகு மாவு மாதிரி.
மணமே இல்லை.
மணம் இல்லாத சேற்றை நான் நம்புவதில்லை.

ஐந்து தொட்டிகளில் ஐந்து அளவு.
ஆறாவதில் சேறு கிடையாது, வெறும் தண்ணீர்.
அதற்கு ஒரே வேலை,
ஒன்றும் ஆகாமல் இருப்பது.

நாலு நாள் தீனி இல்லை.
செத்ததா என்று பார்க்க விதி உண்டு:
செவுள் அசையக் கூடாது,
கண்ணாடிக் குச்சியால் வாலடியைத் தொட்டால்
திரும்பக் கூடாது.
திரும்பிவிட்டால், எவ்வளவு சாய்ந்து கிடந்தாலும்
உயிர் என்றுதான் எழுத வேண்டும்.
நெல்லூர் ஆஸ்பத்திரியில் என் மாமனாரைப் பற்றி
பதினோரு நாள் அப்படித்தான் எழுதினார்கள்.

செவ்வாய், பெரிய அளவில் நாலு.
புதன், அதில் மிச்சம் ஆறும், அடுத்ததில் மூன்றும்.
இது ஒழுங்கான சாவு.
இப்படிச் செத்தால் ஒரு கோடு போடலாம்,
பாதி மீன் சாகும் இடத்தில் புள்ளி வைக்கலாம்.
புள்ளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து
லாரி எந்தக் குழிக்குப் போகும் என்று முடிவாகும்.

வியாழன் காலை
ஆறாவது தொட்டியில் இரண்டு மிதந்தன.

ஆக்சிஜன் சரி. சூடு இருபத்தாறு.
காற்றுக்கல் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.
மதியத்துக்குள் நாலு.

சூரிபாபு சார் பேனாவை மூடினார்.
"ஒண்ணு செத்தா விட்டுடலாம்.
நாலுன்னா டெஸ்ட்டே செல்லாது."
மீனைத் திட்டினார். ரயிலைத் திட்டினார்.
கையிருப்புத் தொட்டியில், போன வாரத் தண்ணீரில்,
அதே பையில் வந்த இருபத்திரண்டும் துள்ளின.

கேன் போடும் முனிரத்னத்தைக் கூப்பிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை தடாவில் லாரி வரவில்லையாம்.
ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற போரில்
ஐந்து கேனையும் நிரப்பினானாம்.
"மஞ்சி நீள்ளே அக்கா, மேமு கூட அவே தாகுதாம்."
நல்ல தண்ணிதான்க்கா,
நாங்களும் அதையேதான் குடிக்கிறோம்.

ஐந்தில் மூன்று மீனுக்கு.
ஒன்று குப்பி கழுவ.
ஒன்று டீ மேசையில் தலைகீழாய் நிற்கிறது,
பாதிக்கு மேல் காலி.
திங்களிலிருந்து நான் குடித்த டீ பதினொன்று.
சார் அதற்கு மேல், சர்க்கரை இல்லாமல்.
முனிரத்னம் வீட்டில் எத்தனை பேர்,
எத்தனை வருஷம்,
எனக்கு எண்ணத் தெரியவில்லை.

காரணம் எழுதப் படிவத்தில் ஒரு விரற்கடை இடம்.
'தண்ணீர் சரியில்லை' என்று எழுதினேன்.
சார் அடித்துவிட்டு
'மீன் சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
கெட்டவர் இல்லை. அவருக்கு இரண்டு மாதச் சம்பள பாக்கி.

அவர் ஐந்தே முக்கால் வண்டிக்குப் போனபின்
போரடியில் வாளி வைத்துப் பிடித்தேன்.
லேபிள் ஒட்டினேன்: நூற்றுப் பதினெட்டு.
எடுத்த இடம், எடுத்த நேரம், எடுத்தவர்
எல்லாம் நிரப்பியாயிற்று.
'யாருக்காக' என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

முனிரத்னத்துக்கு மறுபடி போன் போட்டேன்,
அவனுடைய இண்டிப்பேர் என்ன என்று கேட்க.